‘பொருந்தாது’ என்று வந்தால் கணினியைத் தூக்கிப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, புதுக் கணினி வாங்குவதே வழி என்ற தொனியில் முடிந்திருந்தது. இதனால் பல வீடுகளில் வீண் செலவுதான் வரும். ‘இந்தக் கணினி விண்டோஸ் 11க்குப் பொருந்தாது’ என்ற செய்திக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம்: ப்ராசஸர் உண்மையிலேயே பழையதாக இருக்கலாம், அல்லது எல்லாத் தகுதியும் இருந்து பயாஸில் (கணினியைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளில்) ஓர் அமைப்பு மட்டும் அணைந்து கிடக்கலாம். இரண்டாவதைச் சரிசெய்யப் பைசா செலவில்லை.

எது என்று தெரிந்துகொள்ள, ஸ்டார்ட் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தைத் திறந்தால் போதும். ப்ராசஸரின் பெயர் அங்கேயே இருக்கும். இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல் ஏற்கப்படும். அதாவது ஐ5-8400 தேறும், ஐ5-7400 தேறாது. ஏஎம்டியில் ‘ரைசன் 2000 முதல்’ என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் குறைந்த விலை அசெம்பிள் கணினிகளில் நிறையப் பேர் போட்டுக்கொண்ட 2200ஜி, 2400ஜி இரண்டும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை. 2000 என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

ப்ராசஸர் தேறிவிட்டால் அடுத்தது, விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0. இந்தத் தலைமுறைக் கணினிகளில் இதற்கெனத் தனிச் சில்லு தேவையில்லை. பயாஸுக்குள் போனால் இன்டெல் போர்டில் ‘பிடிடி’ என்றும் ஏஎம்டி போர்டில் ‘எஃப்டிபிஎம்’ என்றும் இருக்கும். அதை ‘எனேபிள்’ செய்தால் முடிந்தது. அசெம்பிள் கணினிகளில் அணைந்தே கிடப்பது பெரும்பாலும் இதுதான். இதற்காக ‘டிபிஎம் மாட்யூல்’ என்று தனியாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கொஞ்சம் கவனம் தேவைப்படுவது அதே ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தில் உள்ள ‘பயாஸ் மோடு’ என்ற வரியில். அங்கே புதிய முறையான ‘யூஇஎஃப்ஐ’ என்று இருந்தால் கவலையில்லை. பழைய முறையான ‘லெகசி’ என்று இருந்தால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றாமல் பயாஸில் மட்டும் யூஇஎஃப்ஐக்கு மாற்றினால், ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று கறுப்புத் திரைதான் வரும். இந்த இடத்தில் பயந்துபோய் ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். தகவல் எதுவும் அழிந்திருக்காது. பயாஸைப் பழையபடி லெகசிக்குத் திருப்பினால் விண்டோஸ் திறந்துவிடும். சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. விண்டோஸோடு சேர்ந்தே வரும் ‘எம்பிஆர்2ஜிபிடி’ கருவியை, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் முதலில் ‘வேலிடேட்’ கட்டளையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். அது தேறினால் ‘கன்வெர்ட்’. விண்டோஸுக்குள் இருந்தபடி செய்வதால் இரண்டிலும் ‘அலோஃபுல்ஓஎஸ்’ என்பதைச் சேர்க்க வேண்டும். ‘வேலிடேட்’டிலேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் பார்ட்டிஷன்தான் காரணம்: மூன்று பிரைமரிக்கு மேல் இருந்தாலோ, சி, டி, இ என்று பிரிக்கும்போது லாஜிக்கல் பார்ட்டிஷன் போட்டிருந்தாலோ இந்தக் கருவி ஏற்காது. டி, இ டிரைவுகளில் உள்ளதை வெளியே நகலெடுத்துக்கொண்டு, அந்த லாஜிக்கல் பார்ட்டிஷன்களையும் அவற்றை அடக்கிய எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனையும் நீக்கிய பிறகு மறுபடி முயல வேண்டும். மாற்றி முடிந்ததும் பயாஸில், பழைய லெகசி முறைக்கு இடம் தரும் ‘சிஎஸ்எம்’ஐ அணைத்து, நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் செக்யூர் பூட்டை இயக்கலாம். மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு மாட்டியிருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் திரையே வராமல் போகலாம். அப்போது கார்டைக் கழற்றிவிட்டு, ப்ராசஸரில் உள்ளடங்கிய கிராஃபிக்ஸ் இருந்தால் மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே செருகிப் பார்க்கலாம்.

பயாஸில் கை வைப்பதற்கு முன் செய்தே ஆக வேண்டியது ஒன்று உண்டு. லேப்டாப்களில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ அல்லது பிட்லாக்கர் நமக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். டிபிஎம், செக்யூர் பூட் அமைப்புகளை மாற்றியதும் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடும். எண் இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் உள்ள படங்களையும் கோப்புகளையும் யாராலும் மீட்டுத் தர முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினி என்றால், முதலில் அதை 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு குளோன் (அப்படியே நகல்) செய்துவிட்டு மேம்படுத்துவதே நல்லது. பழைய டிஸ்க் அப்படியே ஒரு பேக்கப்பாக நிற்கும். ரேம் 4 ஜிபி போதும் என்று விதியில் இருந்தாலும், நிம்மதியாக வேலை செய்ய 8 ஜிபி வேண்டும்.

விண்டோஸ் 11ஐ நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பை ஓட்டுபவர்கள் மொழியைக் கவனிக்க வேண்டும். இப்போது இருப்பது ‘இங்கிலீஷ் இன்டர்நேஷனல்’ ஆக இருந்து, இறக்கியது ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ ஆக இருந்தால், ‘கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்’ என்ற தேர்வு மங்கலாகிவிடும். அப்படி இருக்கும்போது தொடரவே கூடாது. நிறுத்திவிட்டுச் சரியான ஐஎஸ்ஓவை இறக்க வேண்டும். மின்தடை அடிக்கடி வரும் பகுதிகளில் டெஸ்க்டாப்புக்குச் சாதாரண யூபிஎஸ் தாக்குப்பிடிக்காது. இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்துச் செய்யுங்கள். பாதியில் 0எக்ஸ்சி1900101 என்று தொடங்கும் பிழை வந்தால் அநேகமாக டிரைவர் பிரச்சினை. வெளி ஆன்டிவைரஸை நீக்கி, பிரிண்டர், டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். 0எக்ஸ்80070070 வந்தால் இடம் போதவில்லை.

விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பில் இருப்பவர்களுக்குக் கோப்புகளை வைத்துக்கொண்டே மேம்படுத்தும் இந்த நேர்வழி கிடையாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். டிடிபி மையங்களும் ஆடிட்டர் அலுவலகங்களும் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை முன்பே நகலெடுக்காவிட்டால், யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு டிரைவரை மறுபடி நிறுவ வேண்டும். 64 பிட் விண்டோஸில் பழைய டாஸ் கணக்கு மென்பொருள்கள் நேரடியாக ஓடாது.

அசல் விண்டோஸ் 10 இருந்தால் 11க்கு உரிமம் இலவசம். ‘புது கீ வாங்க வேண்டும்’ என்று கடையில் சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். மேம்படுத்திய பின் பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அதுவரை டிஸ்க் கிளீனப்பில் ‘பழைய விண்டோஸ்’ கோப்புகளை அழிக்கக் கூடாது.

ப்ராசஸர் தேறாதவர்களும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2இல், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை பேக்கப் செய்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இலவசமாக வரும். ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு இருக்கிறது. பிரவுசரும் கடிதம் தட்டுவதும் மட்டும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 போதும். அதற்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது வைஃபை பிடிக்கிறதா, வீட்டில் உள்ள பிரிண்டர் ஒரு பக்கமாவது அச்சிடுகிறதா என்று சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
திருச்சி