ஆறடிக் குழிக்கு முன்னால் நடந்தது

ஆசிரியருக்கு,

வணக்கம். பணத்தாசை மனிதர்களை எப்படிக் கெடுக்கிறது என்பதைக் கதைகளின் வழியே பேசிய சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் டால்ஸ்டாயின் 'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?' கதைக்கு வந்ததும் கட்டுரையாளர் எல்லோரையும் போல நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார். ஆயிரம் ரூபிளுக்கு ஒரு பகலில் காலால் சுற்றிவரும் நிலமெல்லாம் சொந்தம் என்ற பேரம், அதற்காகப் பொழுது விடிந்ததிலிருந்து சாயும்வரை ஓட்டம், கதைநாயகன் பாகோமின் வாயில் ரத்தம், கடைசியில் அவனைப் புதைக்க ஆறடிக் குழி. பட்டிமன்றங்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன இடம் அது.

1886இல் வெளிவந்த அந்தக் கதையில் பாகோம் கெட்டுப்போவது அங்கே இல்லை. அங்கே அவன் சாகிறான், அவ்வளவுதான். பேராசைக்காரன் செத்தான் என்றதும் நமக்கும் ஒரு நிம்மதி. நாம் என்ன அப்படி ஓடவா போகிறோம்?

அவன் கெட்டுப்போவது முன்பகுதியில். தொடக்கத்தில் பாகோம் சாதாரணக் குடியானவன். பக்கத்துப் பண்ணையம்மாவிடம் ஒரு காரியக்காரன் இருக்கிறான், ஊரார் மாடு எல்லை தாண்டி மேய்ந்தால் அபராதம் போடுகிறவன். பாகோம் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறான், வீட்டுக்கு வந்து குடும்பத்தாரிடம் எரிந்து விழுகிறான். பிறகு அந்தப் பண்ணை விலைக்கு வருகிறது. குதிரைக்குட்டியை விற்கிறான், தேனீக்களில் பாதியை விற்கிறான், ஒரு மகனைக் கூலிக்கு அனுப்பி அந்தக் கூலியை முன்பணமாகவே வாங்கிவிடுகிறான், மைத்துனரிடம் கடனும் வாங்கி நிலத்தைப் பிடிக்கிறான். மகனைப் பற்றிய அந்த அரை வரியை யாராவது பேசிக் கேட்டிருக்கிறோமா?

அப்புறம் ஊரார் மாடுகள் அவன் நிலத்தில் நுழைகின்றன. கொஞ்ச நாள் விரட்டிவிட்டுப் பொறுத்துப் போகிறான். அப்புறம் கோர்ட்டுக்குப் போய் அபராதம் போட வைக்கிறான். காரியக்காரன் செய்த அதே வேலை. ஊராரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நிலம் போதாததால்தான் இப்படி நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். டால்ஸ்டாய் அதைச் சொல்லியே எழுதுகிறார். தெரிந்தேதான் செய்கிறான். மரத்தை வெட்டியது யார் என்று ஆதாரம் இல்லாமலே ஒருவன்மேல் வழக்குப் போடுகிறான். அது நிற்காமல் போனதும், திருடனிடம் நீங்கள் காசு வாங்கிவிட்டீர்கள் என்று நீதிபதிகளிடமே சண்டைக்குப் போகிறான். அடுப்புக்குப் பின்னால் சாத்தான் உட்கார்ந்திருந்தான் என்று கதை தொடங்குவது உண்மைதான். ஆனால் இந்தக் கோர்ட் விவகாரத்துக்கு அவன் தேவைப்படவே இல்லை.

கட்டுரையில் விடுபட்ட இன்னொரு படைப்பு விவேக் ஷான்பாகின் 'காச்சர் கோச்சர்'. 2013இல் கன்னடத்தில் வந்த சிறு நாவல், தமிழிலும் கிடைக்கிறது. பெங்களூருவில் எறும்புத் தொல்லையோடு சின்ன வீட்டில் வாழும் குடும்பம். அப்பா டீத்தூள் விற்பனைப் பிரதிநிதி. அவர் வேலை போனபின் சித்தப்பா தொடங்கும் மசாலா வியாபாரத்தில் பணம் வந்து கொட்டுகிறது. கதை சொல்கிறவனுக்குக் கம்பெனியில் பெயருக்கு ஒரு பதவி, சம்பளம் உண்டு, வேலை கிடையாது.

ஒருநாள் சித்தப்பாவைத் தேடி ஒரு பெண் பருப்புக் குழம்போடு வீட்டு வாசலுக்கு வருகிறாள். அம்மாவும் அக்காவும் அவளைக் கேவலமாகத் திட்டி விரட்டுகிறார்கள். சித்தப்பா வாயே திறப்பதில்லை. கதை சொல்கிறவனும்தான். இந்த அநியாயத்தை வீட்டில் கேட்பவள் வெளியிலிருந்து வந்த மருமகள் அனிதா ஒருத்திதான். வீட்டில் யாரும் பிறவிக் கெட்டவர்கள் இல்லை. சம்பாதிக்கிறவர் மனம் கோணக் கூடாது, அதுதான் கணக்கு. நம் சினிமா வில்லன்கள் பங்களாவில் கண்ணாடிக் கிளாஸோடு உட்கார்ந்து செய்யும் எதையும்விட அந்த வாசல் காட்சி என்னை அதிகம் கலங்கடித்தது. முக்கியமாக, யாருக்கும் அங்கே தண்டனை கிடைப்பதில்லை. ஆறடிக் குழி கிடையாது. வாசகருக்கு நிம்மதியும் கிடையாது.

பணத்தைத் துரத்துகிறவனை மட்டும் கட்டுரையாளர் பார்த்திருக்கிறார். அவன் நிழலில் சாப்பிட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறவர்களைப் பார்க்கவில்லை. அடுத்த பகுதி எழுதும் எண்ணம் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். பாகோம் கதைக்கு மறுபடி வருவதாக இருந்தால், தயவுசெய்து மாட்டு அபராதத்திலிருந்து தொடங்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கோவில்பட்டி