அரை சென்ட்டுக்காக அலைந்தவர்களுக்கு நன்றி

டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் வசிக்கும் நம்மவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2020 ஜூலை 14 வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. நகரின் குற்றத் தடுப்பு மாவட்டமும் (காவல் செலவுக்காகத் தனி வரி வாங்கும் அமைப்புக்கு இங்கே இதுதான் பெயர்), அதற்காக டாலருக்கு அரை சென்ட் வாங்கும் விற்பனை வரியும் இன்னும் பத்து ஆண்டுகளுக்குத் தொடரும். வாக்களித்தவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஆதரித்திருக்கிறார்கள். மே மாதமே நடந்திருக்க வேண்டிய வாக்கெடுப்பு, கொரோனாவால் டெக்சாஸ் வெயில் மண்டையைப் பிளக்கும் நாளுக்குத் தள்ளிப்போனது. அந்த வெயிலிலும் முகக்கவசத்தோடு வந்து ஆதரவு கேட்டு நின்றீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஓட்டுரிமை இல்லாதவர்களுக்கு. எச்-1பி விசாவில் இருப்பவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் கடையில் 8.25 சதவீதம் வரி கட்டுகிறார்கள். ஓட்டு மட்டும் போட முடியாது. ஆனாலும் தமிழில் துண்டறிக்கை எழுதியதும், கார் இல்லாத பெரியவர்களை ஜன்னல்களை இறக்கிவிட்டபடி முன்கூட்டிய வாக்குப்பதிவுக்குக் கூட்டிப்போனதும் பெரும்பாலும் இவர்கள்தான். "எனக்கே ஓட்டு இல்லை, நான் போய் என்னத்தைச் சொல்றது" என்று தயங்கிய தம்பிதான் கடைசியில் எங்களில் அதிகம் பேரிடம் பேசியவர்.

அடுத்து, மளிகைக் கடை ரசீதைக் கையில் எடுத்த அக்காவுக்கு நன்றி. "புது வரியா? விலைவாசி ஏறுமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். நாங்கள் சட்டத்தைச் சொல்லி விளக்கிப் பார்த்தோம், யாருக்கும் ஏறவில்லை. அக்கா ஜூமில் ரசீதை கேமராவுக்கு நேராகப் பிடித்தார். அரிசி, துவரம்பருப்பு, காய்கறிக்கு வரி இல்லை. குக்கர் கேஸ்கட்டுக்கு உண்டு. நூறு டாலருக்கு வரியுள்ள பொருள் வாங்கினால் அதில் 50 சென்ட் இந்த மாவட்டத்துக்கு. 1995-ல் மக்கள் ஓட்டுப் போட்டுத் தொடங்கிய வரி இது, அவ்வப்போது ஓட்டுக்கு வந்து நீடித்துவருகிறது. சரி, இப்போதும் விகிதம் ஏறவில்லை என்று புரிந்ததும் பாதிப் பேச்சு முடிந்துவிட்டது. மீதியை, நம் பேட்டையில் ரோந்து வரும் காவலர், பள்ளியில் நிற்கும் காவலர், ரோந்து வண்டிகள் எல்லாவற்றிலும் இந்தப் பணம் இருக்கிறது என்பது பேசி முடித்தது.

எதிர்த்து ஓட்டுப் போட்ட நண்பர்களுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். இதை ஒப்புக்கு எழுதவில்லை. 2019 அக்டோபரில் அட்டாடியானா ஜெஃபர்சன் என்ற கறுப்பினப் பெண் தன் வீட்டுக்குள்ளேயே காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. மினியாபோலிஸில் காவலரால் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு போராடத் தெருவுக்கு வந்த பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. உள்ளூர் விற்பனை வரிக்கு மாநிலம் வைத்த உச்சவரம்பு இரண்டு சதவீதம். அதில் அரை சதவீதம் காவலுக்குப் போனால் பேருந்துக்குக் கூடுதலாகக் கொடுக்க இடமே இல்லை என்று அவர்கள் சொன்னது கணக்குப்படி சரி. அவர்கள் கேட்ட பிறகுதான் நாங்களே செலவுப் பட்டியலை வரி வரியாகப் படித்தோம். என்னைக் கேட்டால் பத்து ஆண்டு நீளம்தான், ஐந்து போதும். ஆனால் ஓட்டுச்சீட்டில் அந்தத் தேர்வு இல்லை.

வாக்குச்சாவடிகளில் வேலை பார்த்தவர்களை விட்டுவிடக் கூடாது. வாக்களிக்க வருபவர்களுக்கு முகக்கவசம் கட்டாயமில்லை என்று ஆளுநர் விலக்கு அளித்திருந்த நிலையில், நாள் முழுக்க உள்ளே உட்கார்ந்திருந்தது பெரும் துணிச்சல். அவர்களில் ஓய்வுபெற்ற அம்மாக்களும் ஐயாக்களும் நிறைய. அப்புறம், மேசையும் ஐஸ்பெட்டியும் கொடுத்த குடும்பத்துக்கும், எங்கள் வாட்ஸ்அப் சண்டைகளைப் பொறுத்துக்கொண்ட குழு நிர்வாகிக்கும் நன்றி.

இனி அடுத்த வேலை. இந்த மாவட்டத்தின் வாரியத்தில் இருப்பவர்கள் நம் நகர்மன்ற உறுப்பினர்களேதான். அக்டோபர் 1-ல் புது நிதியாண்டு தொடங்குவதற்குள் பணத்தை எதற்கு ஒதுக்குவது என்று பேசி முடிப்பார்கள். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சேர்ந்தே போய்க் கேள்வி கேட்போம். ஓட்டு இல்லாதவர்களும் வரலாம், பேசலாம். வீட்டு வாசலில் இன்னும் பிரசாரப் பலகை நட்டிருந்தால், இந்த வார இறுதிக்குள் பிடுங்கி வையுங்கள். கம்பிகளை மட்டும் தூக்கிப் போட வேண்டாம், வந்து வாங்கிக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்களோடு வீடு வீடாக வந்தவன்