ஸ்டெப்னி வெறும் பாரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கார் கட்டுரையில் ஒரு வரி: ‘ரன்ஃபிளாட் டயர் இருக்கும்போது ஸ்டெப்னி வெறும் பாரம்தான்.’ அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இருபது வருடமாக உங்கள் இதழை வாங்குகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் காரிலும் ரன்ஃபிளாட்தான்; காற்று போனாலும் கெட்டியான பக்கச் சுவரின் பலத்தில் கொஞ்ச தூரம் ஓடும் டயர் அது. ஸ்டெப்னி என்கிற அந்த மாற்றுச் சக்கரப் பாரம் இல்லாமல்தான் ஐந்து வருடமாக ஓட்டுகிறேன். போன வருடம் அப்பாவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போய்விட்டு இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். டேஷ்போர்டில் காற்றழுத்த விளக்கு எரிந்தது. பின்பக்க இடது டயரில் சுத்தமாகக் காற்றில்லை. ஆனாலும் வண்டி ஆடவில்லை, ஒரு பக்கம் இழுக்கவும் இல்லை. அதற்காக அந்த டயருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். முழங்கால் வலியோடு இருந்த அப்பாவை இருட்டில் சாலையோரம் நிற்கவைத்துவிட்டு ஜாக்கி போட வேண்டிய நிலை வரவில்லை. வேகத்தை 80-க்குக் கீழேயே வைத்து, 40 கிலோமீட்டர் தாண்டி ஒரு பெரிய டயர் கடைக்கு வந்து சேர்ந்தோம்.

கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. சின்ன ஆணி ஒன்று, தரையைத் தொடும் பட்டன் பகுதியில் நேராக இறங்கியிருந்தது. பக்கச் சுவர் அவ்வளவு கெட்டி என்பதால், ரிம்மிலிருந்து டயரைக் கழற்றவே கடைக்காரர் படாத பாடு பட்டார். கழற்றியதும் டயரைச் சாய்த்துக் காட்டினார். உள்ளிருந்து கறுப்பு ரப்பர்த் தூள் கரிப்பொடி மாதிரி கொட்டியது. வெளியே பார்த்தால் நேற்று வாங்கிய டயர் போல இருந்தது. “உள்ளே அரைபட்டுப் போச்சு சார். இதுக்கு பேட்ச் போட்டு உங்களை அனுப்பினா அந்தப் பாவம் எனக்கு வேணாம்” என்றார். அவர் சொன்னது நியாயம். காற்றில்லாமல் ஓடிய டயரின் உட்சேதம் வெளியே தெரியாது. சரி, புதிது போடலாமென்றால் அந்த அளவில் ரன்ஃபிளாட் கையிருப்பில் இல்லை. வர மூன்று நாள் ஆகுமாம். வீடு இன்னும் 110 கிலோமீட்டர். எங்கள் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கப் பள்ளம்கூடக் கிடையாது. விடியும்வரை அப்பா அந்தக் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் வாடகை வண்டி பிடித்து வீடு வந்தோம். ஸ்டெப்னி இருந்திருந்தால் அதே கடையில் மாட்டிக்கொண்டு அன்று இரவே வீட்டில் படுத்திருப்பார்.

‘80 கிலோமீட்டர் கவலையின்றி ஓட்டலாம்’ என்றும் உங்கள் கட்டுரை சொல்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் போனால்தான் அந்தத் தூரம். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகப் போனால் அதுவும் குறையும். பள்ளத்திலோ கல்லிலோ மோதிப் பக்கச் சுவரே கிழிந்துவிட்டால் எந்த உத்தரவாதமும் இல்லை. இத்தனை வருடம் கார்களைப் பற்றியே எழுதுகிற உங்களுக்கு இது தெரியாததா?

ஸ்டெப்னி என்ற பெயர் வந்த கதையும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். 1904-இல் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் பிறந்தது அது. அன்றைய கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்டன; நடுவழியில் தவித்தவர்களுக்காகத்தான் அதைச் செய்து விற்றார்கள். 120 வருடம் கழித்து நம்மை மறுபடி அதே நடுவழியில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைக்கிறீர்களே, அதுதான் வலிக்கிறது.

இது முதல் முறையும் அல்ல. இரண்டு வருடம் முன்பு பஞ்சர் கிட்டை ‘ஸ்டெப்னிக்கு முழு மாற்று’ என்று எழுதினீர்கள். அந்த கிட்டில் வரும் பசை, டயருக்குள் செலுத்தினால் பட்டனில் விழும் சின்ன ஓட்டையை அடைக்கும். பக்கச் சுவர் வெட்டுப்பட்டால் உதவாது. அப்போதும் கடிதம் போட்டேன், பிரசுரமாகவில்லை. ரன்ஃபிளாட் கெட்டியாக இருப்பதால் வண்டி குலுக்குகிறது, விலையும் அதிகம் என்று பலர் பாதியில் சாதாரண டயருக்கு மாறுகிறார்கள். அந்த வண்டிகளில் ரன்ஃபிளாட்டும் இல்லை, ஸ்டெப்னியும் இல்லை. அவர்களை எச்சரித்து ஒரு வரி எழுதியிருப்பீர்களா? திரை எத்தனை அங்குலம், உள்விளக்கு எத்தனை நிறம் என்று பக்கம் பக்கமாக வருகிறது. டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்து எழுதிய விமர்சனம் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு கார் விமர்சனத்தின் கீழும், அந்த வண்டியில் முழு அளவு ஸ்டெப்னியா, சிறிய ஸ்டெப்னியா, ரன்ஃபிளாட்டா, வெறும் கிட் மட்டுமா என்று போடுங்கள். இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்க இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த வரிக்கு இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்