தமிழ் டீச்சர்கள் மூவருக்கும், லைட் போட்டவருக்கும்

யார் பெயரையும் போடக்கூடாது, போட்டால் பள்ளியில் தலைகாட்ட முடியாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பெயர் இல்லாவிட்டால் என்ன, படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

போன வாரம் மகளின் தமிழ்மொழி சாதாரண நிலைத் தேர்வு (இங்கே சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் 'ஓ' லெவல்) முடிவு வந்தது. பி3. இது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், போன வருடக் கடைசியில் இவள் வாங்கியது டி7, தேர்ச்சிக்கும் கீழே. பாடம் மெதுவாகப் போகும் வழக்கநிலை மாணவி, தமிழுக்கு மட்டும் வேகமாகப் படிக்கும் விரைவுநிலைப் பிள்ளைகளோடு உட்கார்ந்தவள்.

இந்த ஒரே வருடத்தில் அவளுக்கு மூன்று தமிழ் டீச்சர்கள். மூன்று வருடம் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஜனவரியில் வேறு பள்ளிக்கு மாறிப் போனார். அடுத்து வந்த இளம் டீச்சர் மார்ச்சில் மகப்பேறு விடுப்பில் போனார். அவரவர் வாழ்க்கை, அதில் குறையே இல்லை. ஜூன் தொடக்கத்தில் எழுத்துத் தேர்வு இருக்கும்போது பள்ளியிலிருந்து பெற்றோருக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது "இன்னைக்கி டீச்சர் இல்லம்மா, இனிமே வரமாட்டாங்களாம்" என்று மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதல் டீச்சர், மாறிப் போன பிறகும் இவளுடைய மூன்று கட்டுரைகளைத் திருத்தி அனுப்பினீர்கள். அது உங்கள் வேலையே இல்லை. இரண்டாவது டீச்சர், ஒரு பருவம்தான் இருந்தீர்கள், ஆனாலும் ஏப்ரல் தமிழ்மொழி விழாவை ஒட்டிப் பள்ளியில் போட்ட நாடகத்தை எழுதி, ஒத்திகையும் பாதி முடித்துவிட்டுத்தான் விடுப்பில் போனீர்கள். மீதியைப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள். பாட்டி வேடத்துக்குப் பொருத்தமான சேலை கிடைக்காமல் தேக்காக் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றியது நான்தான், அதற்கு யாராவது எனக்கு நன்றி சொல்லலாம்.

அந்த நாடகத்துக்கு லைட் போட்ட சீன ஆசிரியருக்கு ஒரு பெரிய நன்றி. அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. தாத்தா மூன்றாம் தடவை இருமினால் விளக்கை அணைக்க வேண்டும், இதுதான் ஏற்பாடு. தாத்தாவாக நடித்த பையனுக்கு அன்றைக்குப் பார்த்து நிஜமாகவே இருமல். முதல் காட்சியிலேயே நாலைந்து இருமல் வந்துவிட்டது, விளக்கும் போய்விட்டது. இருட்டுக்குள் என் மகள் "மின்கட்டணம் கட்டலையா தாத்தா?" என்று கேட்டாளே, அது எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. தமிழில் வாயைத் திறக்கவே கூசுகிறவள் என்றல்லவா நினைத்திருந்தேன்! மேடைச் சாமான்களைத் தூக்கிவைத்துவிட்டுக் கடைசிவரை நின்று கைதட்டிய மலாய் சிக்கு (டீச்சர்தான்), உங்களுக்கும் நன்றி.

இனி மூன்றாமவர். ஐயா, ஓய்வுபெற்ற பிறகு ரிலீஃப் டீச்சராக வந்தீர்கள். காலையில் பள்ளிக்கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் கேண்டீன் பெஞ்சில் தமிழ் முரசைப் பிரித்துவைத்து ஆளுக்கொரு செய்தி வாசிக்க வைத்தீர்கள். 1935லிருந்து வரும் பேப்பர், எங்கள் வீட்டில் அதுவரை மாமியார் மட்டும்தான் படிப்பார். ஒருநாள் வானிலைச் செய்தியில் "பரவலாக மலை பெய்யும்" என்று என் மகள் வாசித்திருக்கிறாள். நீங்கள் திட்டவில்லையாம். அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "மலை பெய்தால் என் குடை தாங்காதும்மா" என்றீர்களாம். அன்றையிலிருந்து வீட்டில் ழகரம்தான். குளியலறையிலிருந்து வாழைப்பழம், கிழவி, உழவன் என்று சத்தம் கேட்கும். ஜூலையில் வாய்மொழித் தேர்வு முடித்து வந்தவள், தேர்வில் காட்டிய காணொளியைப் பற்றிப் பேசியதைவிட வாசிப்புப் பகுதியில் ஒரு ழகரமும் வழுக்கவில்லை என்பதைத்தான் மூன்று தடவை சொன்னாள்.

காலை ஆறரைக்கே வந்து நின்ற இந்த நாலைந்து பிள்ளைகளுக்காகக் கேட்டைச் சீக்கிரம் திறந்துவிட்ட பாதுகாவலர் அங்கிளுக்கும், கடை திறக்கும் முன்னாலேயே மைலோ கலந்து கொடுத்த கேண்டீன் அக்காவுக்கும் நன்றி. காசு பாக்கி இருந்தால் சொல்லுங்கள் அக்கா, என் மகளை நம்ப வேண்டாம்.

வருடக் கடைசியில் தமிழ்த் தேர்வை இன்னொரு தடவை எழுதலாமே என்று மகளிடம் கேட்டேன். வேண்டாமாம், கணக்குத்தான் இப்போது கழுத்தை நெரிக்கிறதாம்.

ஐயா, உங்கள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். ஆசிரியர் தினம் வெள்ளிக்கிழமை விடுமுறை, பள்ளியில் கொண்டாட்டம் வியாழனே. அன்றைக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். தேர்வன்று மழையில் இவளிடம் கொடுத்தனுப்பிய உங்கள் கறுப்புக் குடை இன்னும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. கம்பி ஒன்று வளைந்திருந்தது, என் வீட்டுக்காரர் சரிசெய்துவிட்டார்.