சரித்திரத்துக்குக் கூட்டம், சிறுகதைக்குப் பேச்சு: வாசகர் வட்ட ஆண்டறிக்கை

அவைத்தலைவர் அவர்களுக்கும், வட்டத்தின் மூத்த உறுப்பினர்களுக்கும், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் கல்லூரி மாணவ மாணவியருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிக்க இருப்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர்களையும் வாசிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். சம்பந்தப்பட்டவர்கள் தேநீர் இடைவேளைக்குள் அவரைப் பார்த்துவிடுவது நல்லது.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, ஒரு மாதம் சரித்திர நாவல், மறு மாதம் சிறுகதை என்று மாற்றி மாற்றிக் கூட்டம் நடத்தினோம். சரித்திர நாவல் மாதங்களில் நூலக மாடியில் நாற்காலி போதவில்லை; கீழே வாசிப்பறையிலிருந்து பெஞ்சு தூக்கி வந்தோம். சிறுகதை மாதங்களில் பெஞ்சுக்கு வேலையே இல்லை. ஆனால் கூட்டம் முடியாமல் நூலகர் சாவியோடு வாசலில் காத்து நின்றதெல்லாம் சிறுகதை மாதங்களில்தான்.

ஆடி மாதத்துக்குப் பொன்னியின் செல்வன். சிதம்பரத்துக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்க் கதை. தொடங்குவதே ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில்தானே. 1950இல் கல்கி இதழில் தொடராக வரத் தொடங்கியதை, வீட்டில் சேர்த்துத் தைத்த பைண்டு பிரதியில் படித்தவர்கள் ஒரு பக்கம். 2022இல் படம் பார்த்த பிறகு புத்தகம் வாங்கியவர்கள் இன்னொரு பக்கம். முதல் தரப்புக்குப் படத்தின் மேல் கோபம், இரண்டாம் தரப்புக்குப் புத்தகத்தின் நீளத்தின் மேல் கோபம். நாவலில் கொலைச் சதியோடு வரும் நந்தினி கற்பனைப் பாத்திரம் என்று ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் சொன்னதும் ஒரு மாணவிக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்போ ஆதித்த கரிகாலன் கொலையும் கதைதானா சார்?" என்று கேட்டாள். இல்லை, ராசராசனின் அண்ணனான அந்தச் சோழ இளவரசன் கொல்லப்பட்டது நடந்ததுதான் என்றார் ஆசிரியர். அடுத்த ஞாயிறே காட்டுமன்னார்கோயிலுக்கு வேன் பேசினோம்.

உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருந்தோம். நேரில் பார்த்தவர்கள் குறைவு. கல்வெட்டு படிக்கப் பழகிய நம் உறுப்பினர் கைப்பேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். நேராக அடித்தால் வெறும் கல்தான். சாய்த்துப் பிடித்தால்தான் வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வருகிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று ஒவ்வொரு பெயராக அவர் விரலை நகர்த்திச் சொல்லச் சொல்ல, பின்னால் நின்றவர்கள் முண்டியடித்தார்கள். ராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களும் உறவினரும் வைத்திருந்த சொத்தைப் பறிமுதல் செய்தது பற்றிப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள் என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. அந்த இல்லாத வரிக்குத்தான் கல்கி ஐந்து பாகம் எழுதினார் என்று வேனில் திரும்பும்போது ஒருவர் சொன்னார். வரலாற்று ஆசிரியர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இல்லாத வரியை இப்படி நிரப்பிவிட்டால் நாளைக்குப் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் நந்தினியை எழுதுவார்கள் என்பது அவர் கட்சி. எழுதிவிட்டதாகவும் சொன்னார்!

இந்தப் பயணத்துக்குப் பின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை உறுப்பினர்கள் அறிவீர்கள். கொலையாளிகளின் பெயரோடு வரும், பிராமண அதிகாரிகளுக்குச் சோழர் தந்த பிரமாதிராசன் பட்டத்தில் தொடங்கிய பேச்சு, ராசராசன் எந்தச் சாதி என்பதில் போய் நின்றது. சில நாள் நிர்வாகிகள் மட்டுமே பதிவிடும்படி குழுவைப் பூட்ட வேண்டியதாயிற்று. அரசர்களின் சாதி நம் வட்டத்தின் விவாதப் பொருள் ஆகாது என்ற செயற்குழுத் தீர்மானம் இன்று உங்கள் ஒப்புதலுக்கு வருகிறது. எதிர்ப்பவர்கள் கையெழுத்திட்டு எழுத்தில் தரலாம்.

கடல் புறா கூட்டத்தில் மூன்று பாகத்தையும் இரவெல்லாம் விழித்துப் படித்த பெருசுகள் குமுதம் காலத்து நினைவில் உருகினார்கள். சாண்டில்யனின் கப்பல்களில் ஏறிவிட்டால் இறங்க மனம் வராது என்பது அவர்கள் வாதம். மகளிர் உறுப்பினர்கள் கேட்டது ஒன்றுதான்: பாதிப் பக்கம் பெண்ணின் இடையிலேயே நின்றுவிட்டால் கப்பல் எப்போது கடாரம் போய்ச் சேரும்? பதில் வரவில்லை. காவல் கோட்டம் 2011இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். ஆயிரம் பக்கத்துக்கு மேல். படித்து முடித்தவர்கள் கொண்டாடினார்கள், முடிக்காதவர்கள் வரவில்லை. ஆகவே அங்கே சண்டைக்கு வழியில்லாமல் போயிற்று.

பிரபஞ்சனின் வானம் வசப்படும் எனக்கு வியப்பைத் தந்தது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்சின் துபாஷியான, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பை அடியாகக் கொண்ட புதுச்சேரிக் கதை. "ராஜா எங்கே, வாள் எங்கே, இது ஏதோ கச்சேரிக் கணக்கு மாதிரி இருக்கிறதே" என்று சிலர் பாதியில் வைத்துவிட்டார்கள். மளிகைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் மட்டும், இதுதான் தான் படித்த முதல் உண்மையான சரித்திரக் கதை என்றார். அதில் வருகிறவர்கள் கடன் வாங்குகிறார்கள், பயப்படுகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் கூட்டத்தின் சிறந்த பேச்சு அதுதான் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

இனி சிறுகதை. அசோகமித்திரனின் புலிக்கலைஞனைக் கூட்டத்திலேயே வாய்விட்டு வாசித்தோம். சினிமாக் கம்பெனியில் வாய்ப்புக் கேட்டு வந்த காதர் புலியாகவே மாறிப் பாயும் இடத்தில் விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பின்னர் அவனுக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. வாசித்து முடித்ததும் மின்வாரிய நண்பர், "சரி, அப்புறம்?" என்றார். அப்புறம் இல்லை, அவ்வளவுதான் என்றோம். "ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாமா? இதென்ன முடிவு?" என்று கடைசி பஸ் வரைக்கும் விடவில்லை.

செயலாளர் நடுநிலை காக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்து பாகம் படித்துவிட்டுக் கரிகாலனைக் குத்தியது யார் என்று உறுதியாகத் தெரியாமலேயே புத்தகத்தை மூடிவைத்து, ஆகா என்று சொன்னவர்களும் இவர்களே! அங்கே மர்மம் என்று ரசித்ததை, இங்கே அரைகுறை என்கிறார்கள். கல்கிக்கும் இந்தக் கோபம் தப்பவில்லை என்பதுதான் வேடிக்கை. கதை திடீரென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டதால், யார் யார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று தனியே ஒரு முடிவுரை எழுத வேண்டி வந்தது. அதை அடுத்த கூட்டத்தில் மின்வாரிய நண்பரையே வாசிக்கச் சொன்னோம். வாசித்தார். அசோகமித்திரனும் இப்படி ஒன்று எழுதியிருக்கலாம் என்றார்.

ஜெயகாந்தன் ஏறக்குறைய அதைத்தான் செய்தார். 1966இல் ஆனந்த விகடனில் வந்த அக்கினிப் பிரவேசத்தில், மழை நாளில் கெட்டுப்போனதாக அழுது வந்த மகளின் தலையில் அம்மா தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அன்று கிளம்பிய எதிர்ப்பு பிரசித்தம். அதே அம்மா ஊரைக் கூட்டிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில நேரங்களில் சில மனிதர்கள் நாவலை எழுதினார். நம் கூட்டத்திலும் இரு கட்சிதான், ஆனால் அன்றைய கட்சிகள் அல்ல. தாத்தாக்கள் அம்மாவின் பக்கம். கல்லூரிப் பெண்களோ, தண்ணீர் ஊற்ற வேண்டிய அழுக்கு அவளிடம் என்ன இருந்தது என்று கேட்டார்கள். ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இத்தனை வருஷமாக இப்படி யோசிக்கவில்லையே என்றார்.

புதுமைப்பித்தனின் சாப விமோசனத்தில்தான் இரண்டு தரப்பும் ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்தது. அகலிகை மறுபடி கல்லாவது ராமாயணத்தில் இல்லையே என்றார்கள். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று ஆசிரியரே குறிப்புப் போட்டிருப்பதைக் காட்டிய பிறகும் சமாதானம் ஆகவில்லை. கற்பனைக்கு ரவிதாசன் கதையில் தந்த சலுகை அகலிகைக்குக் கிடைக்கவில்லை. தெரிந்த கதையில் கை வைத்தால் யாராக இருந்தாலும் அடி விழும் போலிருக்கிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: சரித்திர நாவல் மாதத்திலும் முதல் அரை மணி ஒரு சிறுகதையை வாசித்துவிட்டே நாவலைத் தொடுவது. பெஞ்சில் உட்கார வருகிறவர்களுக்கும் காதரைத் தெரியட்டும். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைப் பார்க்கப் புதுச்சேரிக்கு ஒரு நாள் பயணம். தேதியை மாணவர்களின் தேர்வு முடிந்ததும் அறிவிப்போம்.

நூலகத்திலிருந்து வட்டத்தின் பெயரில் எடுத்த கடல் புறா இரண்டாம் பாகம் இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இந்த மாத இறுதிக்குள் கொண்டுவந்து தந்துவிட வேண்டுகிறேன்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்