மீசையின் பெயர் வாயோரத்தில்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. சலூன் சுவரில் மீசை வகைகளைப் படம்போட்டு மாட்டப் போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். வாடிக்கையாளர் கையால் காட்டி விளக்கும் சிரமம் பாதியாவது குறையும்.

முதலில் மீசைக்கான ‘மஸ்டாஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக் குழப்பத்தை முடித்துவிடுவோம். எம் எழுத்துக்குப் பிறகு ஓ, யூ இரண்டும் வருவது பிரிட்டன் வழக்கம்; பிரெஞ்சிலிருந்து வந்தபடியே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஓ கிடையாது, யூ மட்டும்தான். இரண்டும் சரி. தலைப்பில் ஒன்றும் படத்தின் கீழே இன்னொன்றுமாக வந்தால்தான் அசிங்கம். கடைசியில் ‘ஷ்’ என்று ஒலிப்பதால் பலர் எஸ், ஹெச் போட்டுவிடுகிறார்கள். அது தப்பு, சி, ஹெச், ஈ என்றுதான் முடிய வேண்டும்.

அடுத்து உன் பட்டியல். அடர்த்தியை வைத்துப் பிரித்திருக்கிறாய். என் கருத்து, வாயோரத்தை வைத்துப் பிரி. முடி அங்கே நிற்கிறதா, தாண்டுகிறதா, கீழே இறங்குகிறதா என்பதில்தான் பெரும்பாலான வகைகளின் பெயர் இருக்கிறது. பென்சில் மீசையும் செவ்ரானும் வாயோரத்தோடு நின்றுவிடும். முதலாவது உதட்டின் மேல் மெல்லிய கோடு, இரண்டாவது மூக்கடியிலிருந்து உதடு வரை முழு அடர்த்தி. வால்ரஸ் உதட்டையே மூடித் தொங்கும்.

நீ ஒன்றாகப் போட்டிருக்கும் ஹார்ஸ்ஷூவும் ஃபூ மான்சூவும் வேறு வேறு. ஹார்ஸ்ஷூவில் வாயோரத்துக்குக் கீழே தாடை வரை இறங்கும் முடி அந்த இடத்திலேயே முளைத்தது. ஃபூ மான்சூவில் அந்த இடத்தை மழித்துவிட வேண்டும். மேலுதட்டு முடி மட்டும் நீண்டு தொங்கும். படத்தில் இது தெளிவாகத் தெரியட்டும்.

இரு நுனியும் மேல்நோக்கிச் சுருளும் ஹேண்டில்பாருக்குப் பெரிய இடம் கொடு, அதிகம் கெட்டுப்போவது அதுதான். 1947-ல் லண்டனில் தொடங்கிய ஹேண்டில்பார் கிளப்பில் சேர, கையால் பிடிக்கிற அளவுக்கு மீசை நுனி இருக்க வேண்டும், தாடி கூடாது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் நுனி சுருள மூன்று நான்கு மாதமாவது ஆகும். அவசரப்பட்டு நடு முடியைக் கத்தரித்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் போய்ச் சுருளுக்குக் கனம் கொடுப்பதே அந்த முடிதான். வாய்க்குள் வந்து தொந்தரவு செய்தாலும் வெட்டாமல், மூக்கடிப் பள்ளத்திலிருந்து இரு பக்கமும் தினம் சீவிப் பழக்க வேண்டும்.

மெழுகு கேட்டிருந்தாய். எடைக்கு இரண்டு பங்கு தேன்மெழுகு, ஒரு பங்கு தேங்காய் எண்ணெய். இருபது கிராமுக்குப் பத்து கிராம் போதும். நேரடித் தீயில் வைக்காதே, தீப்பிடிக்கும்; கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து உருக்கு. ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு, ஆறியதும் நகத்தால் சுரண்டிப் பார். குழைந்தால் மெழுகு கூட்டு, பொடிந்து உதிர்ந்தால் எண்ணெய் கூட்டு. பூசும்போது பயறளவு எடுத்து விரலிடுக்கில் தேய்த்து இளக்கிய பிறகு, உலர்ந்த முடியில் நடுவிலிருந்து நுனிக்கு இழு. ஈர முடியில் மெழுகு ஒட்டாது, திட்டுத்திட்டாக நிற்கும். இரவில் சிறிது எண்ணெய் தடவிச் சீப்பால் வழித்து, சோப்பு போட்டுக் கழுவிவிடச் சொல்.

ட்ரிம் செய்வதிலும் ஈரம்தான் எதிரி. நனைந்த முடி நீளமாகத் தொங்கும்; உதட்டு விளிம்புக்குச் சரியாக வெட்டினால் காய்ந்ததும் மேலே ஏறிவிடும். வாயைச் சும்மா மூடி வைத்திருக்கும்போது வெட்டு, சிரிக்கிற வாயில் கோடு கோணலாகும். நடுவில் தொடங்கி வாயோரத்துக்குப் போ. ஓரத்திலிருந்து தொடங்கினால் இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் சரிபார்த்துப் பார்த்து, செவ்ரான் கேட்டவர் மூக்கடியில் மட்டும் துண்டாக நிற்கும் டூத்பிரஷ் மீசையோடு எழுந்து போவார். ஒரு பக்கம் குறைந்துவிட்டால் உடனே சரிசெய்யாமல் நன்றாகச் சீவிப் பார். பல நேரம் முடி படிந்த விதம்தான் அப்படிக் காட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் படங்களை எனக்கு ஒருமுறை அனுப்பு. வாயோரக் கோடுகளை மட்டும் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
முருகேசன்