ஐந்தாம் இயலில் ஒரு பத்தி

திருச்சி,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலியைச் சாக்குச் சொல்ல முடியாது, எழுதுவது கையால்தானே. பாலக்கோட்டில் தக்காளியைப் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிட்டார்கள் என்று நீ எழுதியதை இவளுக்குப் படித்துக் காட்டினேன். "இங்கே கடையில் அந்த விலை தெரியவில்லையே" என்றாள். பேரன் சுவரைப் பிடிக்காமல் நாலடி நடக்கிறான். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

போன வாரம் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு போட்டி, நடுவராகக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவனுக்கு எப்போதாவது ஒரு சால்வை கிடைப்பது நல்லதுதானே என்று போனேன். அறிவியல், கல்வியியல், தமிழ், இசை என்று எல்லாத் துறை முனைவர் பட்ட மாணவர்களும் ஒரே மேடையில். ஆளுக்கு மூன்று நிமிடம். திரையில் ஒரே ஒரு படம், அதுவும் அசையக் கூடாது. கையில் எந்தப் பொருளும் கூடாது. தமிழோ ஆங்கிலமோ அவரவர் விருப்பம்.

இந்த முறை ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கியது. அங்கே அப்போது கடும் வறட்சி. ஜனங்கள் குளியலறைச் சுவரில் மூன்று நிமிடக் கடிகாரத்தை ஒட்டிவைத்து, அதற்குள் குளித்து முடித்தார்களாம். ஆய்வையும் இந்த நேரத்துக்குள் சொல்லச் சொன்னால் என்ன என்று அங்கிருந்த புலமுதல்வருக்குத் தோன்றியிருக்கிறது. 80,000 சொல் ஆய்வேட்டை வாய்விட்டுச் சொல்ல ஒன்பது மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. நம் விடுதியில் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு பேர் குளித்தோமே, நமக்கு ஏன் எதுவும் தோன்றவில்லை?

மொத்தம் இருபத்திரண்டு பேர். அதில் ஏழு பேர் வெள்ளி நானோ துகள், கண்ணுக்கே தெரியாத வெள்ளிப் பொடி. ஏதாவது ஒரு இலையின் சாற்றில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சேர்ப்பார்கள், நிறம் பழுப்பாக மாறும், கிருமி சாகும். வேப்பிலை வந்தது, துளசி வந்தது, நொச்சி வந்தது. தமிழ்நாட்டில் சாறு பிழியாத இலை இனி எது மிச்சம் என்று பக்கத்து நடுவரிடம் கேட்டேன். "கறிவேப்பிலை?" என்றார். அடுத்து வந்த பையன் கறிவேப்பிலை!

கல்வியியலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ஆண் ஆசிரியர்களுக்கும் பெண் ஆசிரியர்களுக்கும் இடையே மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை." நீ எம்.ஃபிலுக்கு எழுதிய அதே வரியை, சொல் மாறாமல் மூன்று பேர் சொன்னார்கள். எம்.ஃபில் பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2022 விதிகளோடு நிறுத்திவிட்டது. உன் வரி மட்டும் சாகாவரம் வாங்கியிருக்கிறது.

ஆனால் ஒரு பெண் வித்தியாசமாக ஒன்று செய்திருந்தாள். ஒன்று முதல் மூன்று வரை மூன்று வகுப்பும் ஒரே அறையில், ஒரே ஆசிரியை. அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பது உனக்குத் தெரியும். கொடுத்த வேலையை முடித்த பிள்ளை, டீச்சர் தன் பக்கம் திரும்பும்வரை எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்திருக்கிறாள். பேச்சில் அட்டவணையாகத்தான் சொன்னாள், எனக்குக் கொட்டாவி வந்தது. தேநீர் இடைவேளையில் கேட்டபோதுதான் சொல்கிறாள்: "முடிச்ச பிள்ளை முதல்ல பென்சிலைச் சீவும் சார். அப்புறம் பக்கத்துப் பிள்ளையோட பென்சிலையும் வாங்கிச் சீவும். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த அறையில எல்லாப் பென்சிலும் பாதி ஆயிடும்." இது ஆய்வேட்டில் இருக்கிறதா என்றேன். அங்கே பென்சிலுக்கு ஏது இடம் என்பதுபோல் சிரித்தாள்.

தமிழ்த் துறைப் பையனும் இதே கதைதான். சங்க இலக்கியத்தில் உப்பு வணிகர்களான உமணர்கள் பற்றி ஆய்வு. மேடையில் விழுமியம், பன்முகம், கட்டமைப்பு என்று மூன்று நிமிடத்தையும் தீர்த்துவிட்டு இறங்கினான். டீக்கிளாஸைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னதைக் கேள். மேடு பள்ளத்தில் பாரம் ஏற்றிப் போகிற வண்டியில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று, உமணர்கள் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். 'சேம அச்சு' என்று பெயர், நம் ஸ்டெப்னி. புறநானூறு 102, ஔவையார் பாட்டு. அவர் அதை யாருக்கு உவமையாகச் சொல்கிறார் தெரியுமா? அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு. உங்கள் தகடூர்ப் பிள்ளைதான், அதாவது தர்மபுரிப் பிள்ளை, பெருமைப்பட்டுக்கொள்.

இசைத் துறைப் பையன் நாதஸ்வரக் குடும்பம். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியின் தடிமன் மாறினால் ஒலியலை எப்படி மாறுகிறது என்று கணினியில் அலசியிருக்கிறான். இயற்பியல்காரனுக்கு விருந்து. அடியில் இருக்கும் கூடுதல் துளைகளை மெழுகு வைத்து அடைத்துச் சுருதி சரிசெய்வதைப் பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கையில் பொருள் கூடாது என்பது விதியாயிற்றே, வாத்தியம் கொண்டுவரவில்லை. சட்டைப்பையிலிருந்து சீவாளியை மட்டும் எடுத்து, உதட்டில் வைத்து நனைத்து, தாழ்வாரத்தில் நின்று ஊதினான். தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு திரும்பிப் பார்த்தது.

இனிதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

வேதியியல் மாணவி ஒருத்தி, பென்னாகரம் பக்கம். திரையில் அவள் போட்ட படம், பத்தாம் வகுப்பில் எடுத்த குழுப் புகைப்படம். முகங்களை விட்டுவிட்டு வாய்களை மட்டும் வெட்டி வரிசையாக ஒட்டியிருந்தாள். முப்பது நாற்பது வாய், ஒன்றில்கூடப் பல் தெரியவில்லை. "போட்டோகிராபர் சிரிங்கன்னு சொன்னார், சிரிச்சோம். வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சோம்" என்று ஆரம்பித்தாள்.

ஃபுளூரைடு, மாணிக்கம். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் ஒன்றரை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது நம் நாட்டுத் தர அளவு. பாறையிலிருந்து கரைந்து வருவது அதைத் தாண்டினால் வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்பு வரி விழும். பல வருஷம் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். உனக்கு இதெல்லாம் பழைய செய்தி. ஒகேனக்கல் குடிநீர் வந்த பிறகும் குழாய் வராத நாளில் போர்வெல்தானே.

இவள் புளியங்கொட்டை ஓட்டைக் கருக்கிக் கரியாக்கி, அது ஃபுளூரைடை உறிஞ்சுமா என்று பார்த்திருக்கிறாள். காய்ச்சி வடித்த நீரில் சோடியம் ஃபுளூரைடைக் கரைத்துச் சோதித்தபோது முக்கால்வாசிக்கு மேல் இழுத்துக்கொண்டது. இதே போட்டியில் வேறு யாராக இருந்தாலும் அங்கேயே கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பார்கள். இவள் ஊருக்குப் போய் வீட்டுப் போர்வெல் தண்ணீரை எடுத்து வந்து அதே கரியைப் போட்டிருக்கிறாள். கால்வாசிகூட இழுக்கவில்லை. ஊர்த் தண்ணீரில் பைகார்பனேட்டும் ஏராளம். அது காரத்தன்மையைக் கூட்டிவிட்டு, கரியில் இருக்கும் இடத்துக்கும் போட்டிக்கு வருகிறது. "கல்யாணப் பந்தியில நமக்கு முன்னாடி ஓடிப்போய் இலையில உட்கார்ந்துடறாங்களே, அந்த மாதிரி" என்றாள். அரங்கமே சிரித்தது. "அதனால என் கரி இன்னும் எங்க ஊருக்கு ஆகாது" என்று முடித்தாள். மணி அடிக்க எட்டு நொடி இருந்தது.

இது ஆய்வேட்டில் எங்கே வருகிறது என்று கேட்டேன்.

"ஐந்தாம் இயல்ல ஒரு பத்தி சார்."

"என்ன தலைப்பு?"

"தலைப்பெல்லாம் இல்ல சார். நடுவுல வரும்."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகளில் எடுத்துவிட்டார்கள், சரி. கட்டுரை இல்லாமல் வேலைக்கு மனுப் போட முடியுமா? ஊர்த் தண்ணீரில் தோற்ற கரியை எந்த ஆய்விதழ் ஆசையாக வாங்கிப் போடும்? நான் அவளுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டேன். மற்ற இரண்டு நடுவர்களும் "முடிவு சாதகமாக இல்லையே" என்றார்கள். முதல் பரிசு கறிவேப்பிலைக்கு. அவன் ஆங்கிலம் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து என் ஆய்வேட்டை இறக்கச் சொன்னேன். கரைசல் தொட்டியில் நான் வளர்த்த நாலு படிகத்தின் படம் இருக்கிறது, வரைபடத்தாளின் கட்டங்கள் மேல் வைத்து எடுத்தது, கண்ணாடி மாதிரி. செத்துப்போன பதினொன்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கும். தொட்டியின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு வரும்போது கரண்ட் போகும். தண்ணீர் சடாரென்று குளிரும். நூலில் தொங்குகிற நல்ல படிகம் கெட்டு, தொட்டி அடியெல்லாம் சர்க்கரை கொட்டியதுபோல் பொடிப் பொடியாக முளைத்துக் கிடக்கும். ஒரு மார்கழி ராத்திரி நீ உன் போர்வையைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிப் போர்த்திவிட்டு, விடியும்வரை லுங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் கிடந்தாய். நாலில் ஒன்று அந்தப் போர்வையில் பிழைத்தது. நன்றியுரையில் உன் பெயர் இருக்கிறது. வளர்ப்பு முறை பற்றிய இயலில் போர்வை இல்லை. 'வெப்பநிலை சீராகப் பராமரிக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் கழித்துப் போன் போட்டேன். பத்தியை ஒரு இயலாகவே எழுதலாமா என்று யோசிக்கிறாளாம். ஒரு வீட்டுத் தண்ணீர் போதாது, பாலக்கோடு, காரிமங்கலம் பக்கமெல்லாம் எடுக்க வேண்டும், தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்றாள். உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அடுத்த மாதம் முதல் வாரம் வருவாள். உன்னிடம் படித்தவர்கள் வீடு ஊருக்கு ஒன்றாவது இருக்குமே, பத்துப் பதினைந்து போர்வெல் காட்டிவிடு. இன்னொன்று: தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்கக் கூடாதாம், ஃபுளூரைடு கண்ணாடியோடு சேர்ந்துகொள்ளும், பிளாஸ்டிக்தான் வேண்டுமாம். உன் வீட்டுக்காரி சேர்த்துவைத்திருக்கும் பழைய பாட்டில்களைத் தூக்கிப் போட்டுவிடாமல் கழுவி வை.

அன்புடன்,
ராமு